பிளந்த வேப்பமரமும் அரூப ஓவியமும்: ஒரு வாசகருக்குப் பதில்

கேள்வி: எனக்கு 31 வயது. பெரம்பலூர் மாவட்டத்தில் தலைமுறையாக மரச்சிற்பம் செய்யும் குடும்பத்தில் பிறந்தவன். அப்பா கோயில் வாகனங்களும் சாமி உருவங்களும் செதுக்குகிறார். சிறு வயதிலிருந்தே அவரிடம் உளி பிடித்துப் பழகினேன். பொறியியல் டிப்ளமோ முடித்து, இப்போது கோயம்புத்தூரில் ஒரு தொழிற்சாலையின் வரைபடப் பிரிவில் வேலை பார்க்கிறேன். மூன்று ஆண்டுகளாக, அடையாளம் காணும் உருவம் எதுவும் இல்லாத அரூபச் சிற்பத்தின் மீதும் அரூப ஓவியத்தின் மீதும் மனம் சென்றிருக்கிறது. சாலையை அகலப்படுத்த வெட்டிய வேப்பமரத்தின் அடித்துண்டு ஒன்றை வாங்கி, நான்கு மாதம் செதுக்கி முடித்தேன். முடித்த ஆறாவது வாரத்தில் அது மேலிருந்து கீழ்வரை பிளந்துவிட்டது. மரத்தூளும் பசையும் கலந்து அடைக்கலாமா? ‘உருவம் வராதவன்தான் அரூபம் என்பான்’ என்று அப்பா சொல்வது சரியா? ஓவியக் கல்லூரியில் சேராமல் இந்தத் துறைக்கு வர முடியுமா? வேலையை விட்டுவிடலாமா? சிற்பம், ஓவியங்கள் ஆகியவற்றின் படங்களை இணைத்திருக்கிறேன்.

பதில்:

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். படங்களை அதற்கும் கூடுதலாகப் பார்த்தேன். கேட்டிருக்கும் நான்கு கேள்விகளில் பிளவைப் பற்றிய கேள்விதான் சிறியது என்று நீங்கள் நினைத்திருப்பது, அதை ஒரே வரியில் கேட்டிருப்பதிலிருந்து தெரிகிறது. எனக்கு அதுதான் பெரிய கேள்வியாகப் படுகிறது. மற்ற மூன்றுக்குமான விடையின் தொடக்கம் அந்தப் பிளவுக்குள் இருப்பதால் அங்கிருந்தே தொடங்குகிறேன்.

பச்சை மரத்தின் உயிரணுக்களுக்குள்ளும் அவற்றின் சுவர்களுக்குள்ளும் நீர் இருக்கிறது. உள்ளே தேங்கியிருக்கும் நீர் வெளியேறும்வரை மரம் சுருங்குவதில்லை. ஈரம் ஏறத்தாழ 30 விழுக்காட்டுக்குக் கீழே இறங்கி, சுவர்களில் ஊறியிருக்கும் நீரும் வெளியேறத் தொடங்கும்போதுதான் சுருக்கம் ஆரம்பிக்கிறது. அந்தச் சுருக்கம் எல்லாத் திசையிலும் ஒரே அளவாக இருப்பதில்லை. நீளவாக்கில் அது மிகமிகக் குறைவு. மையத்திலிருந்து பட்டை நோக்கிச் செல்லும் திசையில் ஓரளவு சுருங்கும். வளையங்களைத் தழுவிச் செல்லும் சுற்றுவட்டத் திசையிலோ பெரும்பாலான மரங்களில் அதைப்போல ஏறத்தாழ இரு மடங்கு சுருங்கும். மையத்தோடு கூடிய முழு உருளையில் சுற்றளவு குறையத் துடிக்கிறது, ஆரம் அதற்கு இடம் கொடுப்பதில்லை. எனவே எங்கேனும் ஓரிடத்தில் பட்டையிலிருந்து மையம்வரை மரம் பிளந்தே தீரும். உங்கள் படத்தில் உள்ள பிளவும் வெளியே அகலமாகத் தொடங்கி மையத்தை நோக்கிக் குறுகிச் செல்கிறது. உங்கள் உளியிலோ கைத்திறத்திலோ குறை இல்லை. வெட்டி சில மாதங்களே ஆன, 14 அங்குலக் குறுக்களவுள்ள முழுத் துண்டை, நடுமையத்தோடு சேர்த்தே எடுத்துக்கொண்டு, கோடைக்காலத்தில், மாடியில் ஆஸ்பெஸ்டாஸ் கூரையின் கீழே வைத்துச் செதுக்கியிருக்கிறீர்கள். மேற்புறம் சில வாரங்களில் உலர்ந்திருக்கும், உள்ளே ஈரம் அப்படியே இருந்திருக்கும்.

அப்பாவுக்கு இது தெரியாமல் இருக்க வாய்ப்பில்லை. வாகனத்துக்கு எடுக்கும் மரத்தை அவர் எவ்வளவு காலம் நிழலில் போட்டு வைப்பார், எந்தப் பக்கத்தை மேலே வைப்பார், வெட்டுமுகத்தில் என்ன பூசுவார் என்று நீங்கள் கேட்டதுண்டா? அரூபச் சிற்பம் வேறு வகைக் கலை என்று எண்ணியதால், அவருடைய மரத்தைப் பற்றிய அறிவையும் சேர்த்து வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டீர்களோ என்று எனக்குத் தோன்றியது. என் மாணவர்கள் பலரிடம் இதைப் பார்த்திருக்கிறேன். அவர்களைவிட உங்களுக்கு இழப்பு அதிகம், ஏனென்றால் அவர்கள் வீட்டில் அப்படி ஒருவர் இல்லை.

மரத்தூளும் பசையும் கலந்து அடைப்பதைப் பற்றி: வேண்டாம். உலர்ந்த பிறகும் மரம் மழைக்காலத்தில் ஈரத்தை வாங்கி விரியும், கோடையில் சுருங்கும். ஐப்பசியில் பிளவு குறுகும்போது நீங்கள் அடைத்த கெட்டியான பொருள் ஆப்பு போலச் செயல்பட்டு, வேறோர் இடத்தில் புதிய வெடிப்பை உண்டாக்கலாம். பங்குனியில் அது விரியும்போது அடைப்பின் ஓரம் விட்டு, முன்பைவிட அசிங்கமாகத் தெரியும். இந்தத் துண்டை என்ன செய்யலாம் என்பதைக் கடைசியில் சொல்கிறேன்.

அடுத்த மரத்துக்குச் சில நடைமுறைகள். ஓர் அங்குலக் கனத்துக்கு ஓராண்டு உலர்த்த வேண்டும் என்பது மரக்காரர்களின் பழைய கணக்கு. நம் வெப்பத்தில் இதைவிட விரைவாகவே மரம் காயும், ஆனால் அந்த விரைவுதான் ஆபத்து. வெட்டிய உடனே இரண்டு முனைகளிலும் மெழுகையோ கெட்டியான பெயின்டையோ பூசிவிடுங்கள், ஏனென்றால் வெட்டுமுகத்தின் வழியாகத்தான் ஈரம் மிக வேகமாக வெளியேறுகிறது. காற்றோட்டமுள்ள நிழலில், தரையில் படாமல், கட்டைகளின் மேல் அடுக்குங்கள். மாதம் ஒருமுறை எடை போட்டுத் துண்டின் மேலேயே தேதியோடு எழுதி வையுங்கள். மூன்று, நான்கு மாதங்கள் எடை மாறாமல் நின்றால் அது காய்ந்துவிட்டது. முழு உருளையை எடுக்காமல், நடுமையத்தை விலக்கி அறுத்த கால்பகுதித் துண்டுகளை வாங்குங்கள். பயிற்சிக்கு வாகை, தூங்குமூஞ்சி, மா, பலா போதும். மாவும் தூங்குமூஞ்சியும் விரைவில் உளுத்துப்போகும் என்பதால் உள்ளே வைரம் பாய்ந்த கெட்டியான பகுதியை மட்டும் எடுத்து, அதைச் சுற்றியுள்ள மென்மையான வெளிறை நீக்கிவிடுங்கள். சந்தனம், செம்மரம், ஈட்டி ஆகியவற்றைச் சட்டப்படியான அனுமதிச்சீட்டு இல்லாமல் தொடவே வேண்டாம்.

இனி, இந்தப் பிளவு ஏன் வெறும் தொழில்நுட்பச் சிக்கல் இல்லை என்று சொல்கிறேன். உங்கள் சிற்பம் முட்டை போன்ற நீள்வட்டம். அதன் நடுவில் கைம்முட்டி நுழையும் அளவுக்கு ஒரு குழி. அந்தக் குழி நான்கு அங்குல ஆழத்தோடு நின்றுவிடுகிறது, அதற்குப் பின்னால் தொடப்படாத மரம் அப்படியே இருக்கிறது. வெளிப்புறத்தை உப்புத்தாளால் கண்ணாடி போலத் தேய்த்திருக்கிறீர்கள். பார்க்க அழகாக இருக்கிறது. ஆனால் அந்தக் குழி மேற்பரப்பில் வைத்த பொட்டாகத்தான் நிற்கிறதே தவிர, உள்ளிருந்து வந்ததாக இல்லை.

இங்கிலாந்துச் சிற்பி பார்பரா ஹெப்வொர்த்தின் மரச்சிற்பங்களோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1946-இல் அவர் எல்ம் மரத்தில் செய்த ‘பெலகோஸ்’ என்ற சிற்பத்தில், மரம் ஒரு சங்கின் உட்புறம் போலச் சுருண்டு உள்ளே இறங்குகிறது. உட்குழிவுக்கு வெளிறிய வண்ணம் பூசி, இரு விளிம்புகளுக்கும் இடையே நரம்புகளை இழுத்துக் கட்டியிருக்கிறார். 1950-களின் நடுவில் நைஜீரியாவிலிருந்து வந்த குவாரியா என்ற பெருமரத் துண்டுகளில் ‘கொரிந்தோஸ்’ முதலான சிற்பங்களைச் செய்தபோதும் இதே வழிதான்: வெளியே மரத்தின் நிறம், உள்ளே வெள்ளை. அந்தக் குடைவுதான் சிற்பத்தின் உருவம், அதுவே மரத்தின் இறுக்கத்தைத் தளர்த்துவதும். அதோடு, ஓவியமும் சிற்பமும் ஒரே பொருளுக்குள் சந்திக்கும் இடமாகவும் அது இருக்கிறது. இரண்டு துறைகளிலும் ஒரே நேரத்தில் நாட்டம் கொண்ட உங்களுக்கு, வண்ணம் மரத்தின் மேல் பூசப்படாமல் மரத்தின் உள்ளேயிருந்து வெளிச்சம் போல வரும் இந்த வழி பயன்படும் என்று நினைக்கிறேன்.

மரத்தைக் குடைவது நவீன காலத்தின் கண்டுபிடிப்பு இல்லை. ஜெர்மனியில் ரீமன்ஷ்னைடர் போன்ற 15, 16-ஆம் நூற்றாண்டுச் சிற்பிகள், லிண்டன் மரத்தில் செய்த புனிதர் உருவங்களின் முதுகுப்பக்கத்தைக் குடைந்து நடுமையத்தை அகற்றிவிடுவார்கள். ஜப்பானில் ஊஜி என்ற ஊரின் பியோதோ-இன் ஆலயத்தில், சிற்பி ஜோச்சோ 1053-இல் செய்த அமிதா புத்தர், ஏறத்தாழ 2.8 மீட்டர் உயரமுள்ளது. பல துண்டுகளை உள்ளே குடைந்து, ஒன்றோடொன்று பொருத்திச் செய்தது. ஒரே மரத்தை இழையோட்டத்தின் வழியே பிளந்து, உள்ளே குடைந்து, திரும்ப இணைக்கும் முறையும் அங்கே உண்டு. மரத்தின் ஈரம் மாறாமல் காப்பது இன்னொரு வழி; அதற்கு நம் காஞ்சிபுரத்து அத்திவரதரின் நினைவு எனக்கு வருகிறது. நாற்பது ஆண்டுகளுக்கு ஒருமுறை குளத்திலிருந்து எழுந்தருளும் அந்த அத்திமரத் திருமேனியை 2019-இல் 48 நாள் மக்கள் தரிசித்தார்கள். நீருக்கடியில் மூழ்கியே இருக்கும் மரம் காய்வதும் நனைவதுமாக மாறிமாறித் துன்பப்படுவதில்லை. அங்கே காற்றும் குறைவு என்பதால் மரத்தை அரிக்கும் பூஞ்சைகள் வளர்வது கடினம்.

அப்பாவின் வாக்கியத்துக்கு வருகிறேன். உருவம் வராதவர்கள் சிலர் அரூபத்தில் ஒதுங்கிக்கொள்வது உண்மை என்பதால், அவர் சொல்வதை முற்றிலும் தவறு என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அவர் கையில் இருப்பதன் பெயரை அவரே கவனிக்கவில்லை என்று நினைக்கிறேன். அவர் ஒரு திருமேனியைத் தொடங்கும்போது முதலில் கோடுகளைத்தான் போடுகிறார். உருவத்தின் உயரத்தை ஒன்பது முக அளவாகக் கொள்ளும் நவதாலக் கணக்கில் முகம் 12 அங்குலம், கழுத்து 4, கழுத்திலிருந்து மார்பு 12, அங்கிருந்து கொப்பூழ் 12, அதிலிருந்து அடிவயிறு 12, தொடை 24, முழங்கால் 4, கணைக்கால் 24, பாதம் 4 என்று 108 அங்குலம் நிறைகிறது. இங்கே அங்குலம் என்பது அளவுகோலில் உள்ள அங்குலம் இல்லை, அந்த உருவத்தின் உயரத்தை 108-ஆகப் பகுத்ததில் ஒரு பங்கு. பத்துத் தாலக் கணக்குகளில் பெரியதான உத்தம தசதாலத்தில் அது 124 பங்காகிறது. இந்த நிலையில் மரத்தின் மேல் கண்ணும் மூக்கும் இல்லை, திருமாலும் இல்லை அம்மனும் இல்லை; ஒரு நடுக்கோடும் அதைக் குறுக்கே வெட்டும் சில கோடுகளும், அவற்றுக்கிடையே நான்கு, பன்னிரண்டு, இருபத்துநான்கு என்ற இடைவெளிகளும்தான் இருக்கின்றன. உருவம் இதன் மேல்தான் வந்து உட்காருகிறது. உங்கள் குடும்பம் தலைமுறை தலைமுறையாக அரூபத்திலிருந்துதான் வேலையைத் தொடங்குகிறது.

இந்தக் கடிதத்தில் நான் உங்களுக்குச் சொல்ல விரும்புவது முக்கியமாக இதுதான்: உருவத்தை விட்டுவிடலாம், அளவை விட்டுவிடாதீர்கள். உங்கள் நீள்வட்டத்தில் எனக்குக் குறையாகத் தெரிந்தது அளவுதான். குழி ஏன் அந்த இடத்தில் இருக்கிறது, ஏன் அந்த அகலம், அடிப்பகுதிக்கும் குழிக்கும் இடையே ஏன் அவ்வளவு தூரம் என்று கேட்டால் சிற்பத்திடமிருந்து பதில் வரவில்லை. அப்பா செய்த ஒரு குதிரை வாகனத்திடம் கேட்டால் பதில் வரும்.

ருமேனியாவின் ஹோபித்சா கிராமத்தில் 1876-இல் பிறந்த கான்ஸ்டான்டின் பிரான்குஷியின் வாழ்க்கை உங்கள் நிலைக்கு மிக அருகில் இருப்பது. மரவாசல்களும் திண்ணைத் தூண்களும் செதுக்கப்பட்ட ஊர்ப்புறத்தில் வளர்ந்து, கிரயோவா நகரத்தின் கைத்தொழில் பள்ளியில் மரவேலை கற்று, பிறகு புக்கரெஸ்டின் நுண்கலைப் பள்ளியில் சேர்ந்தார். அங்கே ஒரு மருத்துவப் பேராசிரியரோடு சேர்ந்து, தோல் உரித்த மனித உடலின் தசைகளைக் காட்டும் உருவம் ஒன்றைத் துல்லியமாகச் செய்தார். உருவம் வராதவர் என்று அவரை யாரும் சொல்லிவிட முடியாது. பாரிசுக்குச் சென்று, 1907-இல் பிரெஞ்சுச் சிற்பி ரோதேனின் பட்டறையில் சிறிது காலமே இருந்து வெளியேறி, அதன் பிறகு களிமண்ணில் மாதிரி செய்யாமல் கல்லையும் மரத்தையும் நேரடியாகச் செதுக்கும் வழிக்கு வந்தார். 1918-இல் ஓக் மரத்தில் செதுக்கிய ‘முடிவற்ற தூண்’ ஆள் உயரத்துக்குச் சற்றே கூடுதலானது. ஒரே வடிவம் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போலத் தோன்றும் எளிய வேலை. இருபது ஆண்டுகள் அந்த வடிவத்தோடு வாழ்ந்த பிறகு, 1938-இல் துர்கு ஜியு நகரத்தில் ஏறத்தாழ 29 மீட்டர் உயரத்துக்கு வார்ப்பிரும்பில் அதை நிறுவினார். அந்தத் தூணின் ஒவ்வோர் அலகும் குறுகிய இடத்தில் 45 சென்டிமீட்டர், அகன்ற இடத்தில் 90, உயரம் 180. ஒன்று, இரண்டு, நான்கு. அவ்வளவுதான் அதன் இலக்கணம். உங்கள் அப்பாவிடம் அந்தத் தூணின் படத்தைக் காட்டி, இந்த மூன்று எண்களையும் சொல்லுங்கள். அதில் முகம் இல்லை என்பதற்காக அவர் அதை ஒதுக்கமாட்டார் என்று நம்புகிறேன். தன் வேலையை அரூபம் என்று பிறர் அழைத்ததைப் பிரான்குஷி விரும்பியதே இல்லை என்பதையும் சேர்த்துச் சொல்லலாம்.

செயலளவில் ஒன்று செய்து பாருங்கள். மூன்றடி உயரம், ஐந்து அங்குலச் சதுரம் உள்ள காய்ந்த வாகைக் கட்டை ஒன்றை எடுத்து, அப்பாவையே நவதாலக் கோடுகளைப் போடச் சொல்லுங்கள். அந்தக் கோடுகளை மட்டும் வைத்துக்கொண்டு, எந்த உறுப்பையும் செதுக்காமல், எந்த இடம் குறுக வேண்டும், எந்த இடம் பருக்க வேண்டும், எங்கே ஒரு திருப்பம் வேண்டும் என்று முடிவு செய்து செதுக்குங்கள். வளைந்த முனையுள்ள நகவுளியின் வெட்டுகள் தெரியட்டும், உப்புத்தாளைத் தொடவே வேண்டாம். வழவழப்பு பல தவறுகளை மறைத்துவிடும், செய்தவரின் கண்ணிலிருந்தும் மறைத்துவிடும். இப்படி ஆறு கட்டைகள் செய்து, ஆறையும் வரிசையாக நிறுத்திப் பாருங்கள். ஓராண்டு ஆகும். அதில் ஒன்று உங்களுடையதாக இருக்கும்.

ஓவியங்களைப் பற்றி வெளிப்படையாகவே சொல்ல வேண்டும், நீங்கள் கேட்டது அதற்காகத்தான். அவை சிற்பத்தைவிடப் பலவீனமாக இருக்கின்றன. ஒவ்வொன்றிலும் எட்டு, பத்து வண்ணங்கள், எல்லாமே ட்யூபிலிருந்து வந்த அதே பளபளப்போடு, ஒரே அளவு சத்தத்தோடு நிற்கின்றன. மரத்தில் ஒரு வெட்டை வைப்பதற்கு முன்னால் தயங்கும் அதே கை, துணியின் மேல் தயக்கமே இல்லாமல் ஓடியிருக்கிறது. செதுக்கும்போது எடுத்த மரத்தைத் திரும்ப வைக்க முடியாது என்பதால் கவனமாக இருக்கிறோம். ஓவியத்தில் மேலே பூசி மறைத்துக்கொள்ளலாம் என்ற வசதி இருப்பதால் கவனம் நழுவுகிறது.

இந்த இடத்தில் ஓவியர் ஆதிமூலத்தை நினைத்துக்கொள்கிறேன். உங்கள் ஊருக்கு வெகு தொலைவில்லாத துறையூர்ப் பக்கத்துக் கீராம்பூரில் 1938-இல் பிறந்தவர். சென்னை ஓவியக் கல்லூரியில் பயின்று, காந்தி நூற்றாண்டான 1969-ஐ ஒட்டி வரைந்த காந்தியின் கோட்டோவியங்களால் பெயர் பெற்றார். தமிழ்ச் சிற்றிதழ்களின் பக்கங்களிலும் நூல்களின் அட்டைகளிலும் அவருடைய கோடும் எழுத்துருவும் ஒரு தலைமுறையின் கண்ணைப் பழக்கின. கோட்டில் அத்தனை வல்லமை பெற்ற அந்தக் கை, பிற்காலத்தில் கோட்டை ஒதுக்கிவைத்துவிட்டு, வண்ணப் பரப்புகள் ஒன்றையொன்று தொட்டும் விலகியும் நிற்கும் அரூப ஓவியங்களுக்கு வந்தது. அவற்றின் முன் நின்றால், கோடு போன இடம் தெரியாமல் போய்விடவில்லை என்பதை உணரலாம். ஒரு வண்ணம் முடிந்து அடுத்தது தொடங்கும் விளிம்பில், பல ஆண்டுகள் பேனாவால் பழகிய கை இருக்கிறது. உங்களிடம் அதற்கு இணையாக இருப்பது உளியில் பழகிய கை. அது இன்னும் உங்கள் துணிக்குள் வரவில்லை.

வரவழைக்க ஒரு வழி சொல்கிறேன். ஆறு மாதங்களுக்கு வண்ணத்தை நிறுத்திவிட்டு, கரியும் வெள்ளைத் தாளும் மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். செதுக்கிக்கொண்டிருக்கும் கட்டையைப் பக்கவாட்டில் ஒரே விளக்கின் ஒளியில் நிறுத்தி, அதன் நிழல்களை மட்டும் வரையுங்கள். கட்டையை வரைய வேண்டாம். உளி எடுத்துப்போட்ட சீவல்களைத் தாளின் மேல் பரப்பி, அவற்றுக்கிடையே உள்ள வெற்றிடங்களின் வடிவத்தை வரையுங்கள். அறுத்த வெட்டுமுகத்தின் மேல் மெல்லிய தாளை வைத்துக் கரியால் தேய்த்து, வளையங்களின் பதிவை எடுத்து, அதன் ஒரு மூலையை மட்டும் பெரிதாக்கி வரைந்து பாருங்கள். ஏழாம் மாதத்தில் வண்ணத்துக்குத் திரும்பும்போது வெள்ளை, கறுப்பு, காவி, மஞ்சள் காவி என்ற நான்கோடு நில்லுங்கள். அவற்றைக் கலந்து கிடைக்கும் சாம்பல்களும் பழுப்புகளும் எத்தனை என்று கண்டுபிடிக்கவே ஓராண்டு போதாது. துணிக்கு அடிப்பூச்சு ஒழுங்காக இருக்கட்டும். அக்ரிலிக்கின் மேல் எண்ணெய் வண்ணம் பூசலாம், எண்ணெய் வண்ணத்தின் மேல் அக்ரிலிக் பூசக்கூடாது, பிற்காலத்தில் உரிந்துவிடும்.

கல்லூரியைப் பற்றி: சேர முடிந்தால் நல்லது, சேராவிட்டாலும் வழி அடைபடவில்லை. கல்லூரி தருவதில் பெரும்பகுதி, உங்கள் வேலையைப் பார்த்து உண்மையைச் சொல்லும் சக மாணவர்களும், பிறருடைய வேலையை நாள்தோறும் பார்க்கும் வாய்ப்பும்தான். மாமல்லபுரத்தில் 1957-இல் தொடங்கிய அரசுக் கல்லூரி மரபுச் சிற்பத்தைப் பாடமாகக் கற்பிக்கிறது. உங்களுக்கு அந்தப் பகுதி வீட்டிலேயே இருக்கிறது. சாந்திநிகேதனில் ஓவியமும் சிற்பமும் பயின்ற சிற்பி லீலா முகர்ஜி, மரம் செதுக்குவதை நேபாளத்துக் கைவினைஞர் ஒருவரிடம்தான் கற்றுக்கொண்டார். படித்துவிட்டு அப்படி ஒருவரைத் தேடிப்போனவர் அவர். நீங்கள் அப்படி ஒருவரிடமிருந்துதான் புறப்பட்டிருக்கிறீர்கள். சென்னைக்கு வரும்போதெல்லாம் லலித் கலா அகாதமியின் மண்டல மையத்துக்கும், ஈஞ்சம்பாக்கத்தில் உள்ள சோழமண்டல ஓவியர் கிராமத்துக்கும் செல்லுங்கள். ஒரே சிற்பத்தின் முன்னால் ஒரு மணி நேரம் இருங்கள். கைப்பேசியில் நூறு படங்களைத் தள்ளித்தள்ளிப் பார்த்த பழக்கம் உங்கள் ஓவியங்களில் தெரிகிறது.

வேலையை இப்போது விட வேண்டாம். இதை நான் தயக்கமின்றிச் சொல்கிறேன். சோழமண்டலத்தை 1966-இல் உருவாக்கிய கே.சி.எஸ். பணிக்கர், குடும்பத்துக்காகத் தந்தித் துறையிலும் காப்பீட்டுத் துறையிலும் வேலை பார்த்துவிட்டு, 25 வயதில்தான் 1936-இல் ஓவியப் பள்ளி மாணவரானார். சொற்களும் குறியீடுகளுமாக அவர் தீட்டிய, இன்று எல்லோரும் அறிந்த ஓவிய வரிசை தொடங்கியபோது அவருக்கு வயது ஐம்பதைத் தாண்டியிருந்தது. அந்தக் கிராமத்தின் கலைஞர்களே மெழுகு வைத்துச் சாயமேற்றும் பாத்திக் துணிகளும் பிற கைவினைப் பொருள்களும் செய்து விற்றுத்தான் தங்கள் கலைக்கு இடம் தேடிக்கொண்டார்கள். ஆதிமூலம் நெசவாளர் சேவை மையத்தில் பணியாற்றினார். அச்சுதன் கூடல்லூர் பொறியாளர், தமிழ்நாட்டுப் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தவர். மாலை நேரங்களில் மெட்ராஸ் ஆர்ட் கிளப்புக்குச் சென்று வரைந்து, முறையான ஓவியப் படிப்பு இல்லாமலேயே, மனித உருவங்களிலிருந்து மெல்ல மெல்ல அரூபத்துக்கு வந்து, இந்தியாவின் குறிப்பிடத்தக்க அரூப ஓவியர்களில் ஒருவராக 2022-இல் மறையும்வரை வண்ணம் தீட்டினார். மாதச் சம்பளம் உங்கள் கலைக்கு எதிரி என்று எண்ண வேண்டாம். வாடகைக்காகவும் மருந்துச் செலவுக்காகவும் அவசரமாக விற்க வேண்டிய நிலை வந்தால், விலைபோகும் வடிவத்தையே திரும்பத் திரும்பச் செய்யும் கட்டாயம் வந்துவிடும். நான் சில ஆண்டுகள் அப்படிச் செய்திருக்கிறேன். அந்த ஆண்டுகளின் வேலைகளில் ஒன்றைக்கூட நான் என்னிடம் வைத்துக்கொள்ளவில்லை. நாளுக்கு ஒன்றரை மணி நேரம், ஞாயிற்றுக்கிழமை முழுவதும் என்று ஒதுக்கி, அதை யாருக்காகவும் விட்டுக்கொடுக்காமல் மூன்று ஆண்டுகள் நடத்திவிட்டு, அப்போது எனக்கு மீண்டும் எழுதுங்கள்.

இடையில் ஓர் எச்சரிக்கை. மூடிய அறையில் முகமூடி இல்லாமல் மரத்தைத் தேய்ப்பதாக எழுதியிருக்கிறீர்கள். மரத்தூள் நீண்ட காலம் உள்ளே சென்றால் மூக்கறைப் புற்றுநோய் வரை கொண்டுபோகக்கூடியது என்பது மருத்துவம் உறுதிசெய்த செய்தி. நல்ல முகமூடி வாங்குங்கள். அப்பாவுக்கும் ஒன்று வாங்கிக் கொடுங்கள்.

இப்போது அந்த வேப்பமரம். அடுத்த தை மாதம்வரை அதை அப்படியே நிழலில், முனைகளில் மெழுகு பூசி வைத்திருங்கள். பிளவு இன்னும் சற்று விரியலாம், விரியட்டும். அது நிலைத்த பிறகு ஊருக்கு எடுத்துச் சென்று, அப்பாவோடு சேர்ந்து, பிளவின் தடத்திலேயே வாளை இறக்கி இரண்டாக அறுத்துவிடுங்கள். நடுமையத்தை முழுவதும் நீக்கி, இரண்டு பாதிகளையும் உள்ளே ஓர் அங்குலச் சுவர் நிற்கும்வரை குடையுங்கள். உங்களுடைய அந்த நான்கு அங்குலக் குழி அப்போது மறுபக்கம்வரை திறந்துகொள்ளும். வெளியே நீங்கள் தேய்த்த மேற்பரப்பைத் தொடாமல், உட்புறத்தில் நகவுளியின் தடங்களை அப்படியே விட்டு, வெண்மையோ வெளிர்காவியோ ஒரே ஒரு வண்ணத்தை மெல்லியதாகப் பூசுங்கள். இரண்டு பாதிகளையும் மீண்டும் ஒட்டுவதா, ஒரு விரல் இடைவெளி விட்டு எதிரெதிராக நிறுத்துவதா என்பதை அளந்து பார்த்து முடிவு செய்யுங்கள். அந்த இடைவெளி எத்தனை அங்குலமாக இருக்க வேண்டும் என்று அப்பாவிடமும் ஒரு வார்த்தை கேளுங்கள்.

அன்புடன்,
உங்கள் ஆலோசகர்